எடைக்குப் போடாத சார்ஜர்

(அஞ்சலட்டை)
அம்பத்தூர்
2-11-1981

ஜெயமணிக்கு,

நான் இங்கே வந்து பன்னிரண்டு நாளாகிறது. லாரி ஷெட் ஒன்றில் வயரிங் வேலை கிடைத்திருக்கிறது. முன்பு உத்திரமேரூரில் என்னோடு வேலை பார்த்த தானியேலின் அறையில் தங்கியிருக்கிறேன். சேர்ந்த வாரத்திலேயே லீவு கேட்டால் நன்றாக இருக்காது, அதனால்தான் தீபாவளிக்கு வரவில்லை. நம் பெண்ணிடம் அப்படியே சொல்.

காரியம் இதுதான். நம் ஷெட்டில் இருக்கிற பழைய பேட்டரி சார்ஜரை இனி வைத்துக்கொள்ள வேண்டாம். உத்திரமேரூர் காயலான் கடை சேட்டுவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை வண்டி கொண்டு வந்து எடைக்கு எடுத்துப் போவான். வயர், கிளிப் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தனுப்பு. ஒன்றையும் கழற்றி வைக்காதே.

அதுவரை சார்ஜரை நீ தொடவும் வேண்டாம், யார் பேட்டரி கொண்டு வந்தாலும் மாட்டவும் வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

தை பிறந்ததும் இங்கே வீடு பார்க்கிறேன். நீயும் அம்முலுவும் வந்துவிடுங்கள். கார்டில் இடமில்லை.

துரைராஜ்

*

பெருநகர்
13-11-1981

மாமாவுக்கு ஜெயமணி எழுதுவது.

நானும் அம்முலுவும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இனிமேல் எழுதினால் இன்லண்டில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். யார் வீட்டுக் கார்டாக இருந்தாலும் நம் தபால்கார அண்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் படித்த பிறகுதான் கொண்டு வந்து கொடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியாதா. நான் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் சிட்டம்மாள் கேட்கிறாள், “இன்னா ஜெயமணி, மிசினை எடைக்குப் போட்டுட்டு பட்டணம் போறியாமே. அதுவரைக்கும் நீ கை வைக்கக் கூடாதுன்னு எழுதிக்கீறாராமே உன் வூட்டுக்காரரு?” குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சேட்டு நேற்று வந்தான். வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் பேசிப் பார்த்தான், “ஏம்மா பேஜார் பண்றே, அவரே குடுக்கச் சொல்லிக்கீறாரு” என்றான். ஷெட் வாசலில் முறத்தைப் போட்டு அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டிப் போய் எடுக்கட்டும் என்று இருந்தேன். அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஏன் தொடக் கூடாது என்று எனக்கே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் சார்ஜரைத் துடைத்துச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தேன். சார்ஜுக்கு வந்து வரிசையில் நின்ற நாலு பேட்டரிக்கும் வைத்தேன். “எல்லாத்துக்கும் வை” என்று சொன்னது நீங்கள். மறுநாள் விஜயதசமி, பொழுது விடிந்ததும் முதல் வேலையாக வீராசாமி அவர்களின் டிராக்டர் பேட்டரியை மாட்டினீர்கள். மத்தியானத்துக்குள் அது கொதித்து, பக்கமெல்லாம் ஊதி, ஆசிட் வழிந்து தரையெல்லாம் நுரைத்தது. பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போய்விட்டது என்றீர்கள். அப்போது ஷெட்டில் எட்டுப் பேர் நின்றார்கள். அந்த எட்டுப் பேர் எதிரில் என்னைக் கூப்பிட்டு நீங்கள் சொன்னது இது: “பிளஸ்ஸுக்கு நான் செவப்புப் பெயிண்ட் வப்பேன். இவ மைனஸ்ல குங்குமத்தை வச்சிக்கீறா. செவப்பைப் பார்த்து மாட்டிட்டேன். இவ கை பட்டா எதுனா வெளங்குமா?”

அந்த வார்த்தை எனக்கு மறக்கவில்லை, ஊருக்கும் மறக்கவில்லை. ஆறு வருஷமாக வீராசாமி வீட்டு நடவுக்கு முதல் நாற்று முடியை என் கையில் கொடுத்துத்தான் நடச் சொல்வார்கள். ஜெயமணிக்குக் கைராசி என்று அவர் சம்சாரம் பாஞ்சாலியம்மா நாலு பேரிடம் சொல்வார்கள். இந்தத் தடவை வேறு ஒருத்தியைக் கூப்பிட்டு நட்டுவிட்டார்கள். நான் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூர் பேட்டரிக் கடை ராஜாராம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நமக்கு வேண்டாம் என்றால் அவர் கடையில் வைத்து ஓட்டுவதற்கு எடுத்துக்கொள்கிறாராம். ஓடுகிற சாமானை எதற்காக உடைக்கக் கொடுக்க வேண்டும்? இதற்குப் பதில் எழுதுங்கள். அதுவரை சார்ஜர் இங்கேதான் இருக்கும்.

ஜெயமணி

*

அம்பத்தூர்
19-11-1981

ஜெயமணிக்கு,

நீ சொன்னபடி இன்லண்டில் எழுதுகிறேன்.

சேட்டுவை வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியது மரியாதையா? இரும்பு விற்கப் பட்டணம் வந்தவன் நேராக இங்கே வந்து ஷெட்டில் எல்லார் எதிரிலும் என்னைக் கேட்டான். தலை குனிந்து நின்றேன்.

ராஜாராமுக்குக் கொடுக்கவே கூடாது. அவர் கையால் தொடக் கூட விடாதே. சேட்டு உடைத்து எடுத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான். காரணம் கேட்காதே. அது யுத்த காலத்துச் சாமான். பல்லாவரம் ஏலத்தில் நான் வாங்கும்போதே பழசு. இப்போது இங்கே புதுசு புதுசாக வந்திருக்கிறது, கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற அந்தப் பெரிய பல்பே கிடையாது, சத்தமும் இல்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். யாராவது பேட்டரி கொண்டு வந்தால் நீயே மாட்டிப் பார்க்கப் போவதாகச் சொல்கிறாயாம். கரண்ட்டோடும் ஆசிட்டோடும் விளையாடாதே. உனக்கு ஒன்று ஆனால் அம்முலுவை யார் பார்ப்பார்கள்? பெண்பிள்ளை பேட்டரி சார்ஜ் போட்டதாக அந்தப் பக்கத்தில் எந்த ஊரில் கேட்டிருக்கிறாய்?

அன்றைக்கு நான் கோபத்தில் சொன்னது. அதையே பிடித்துக்கொண்டிராதே.

மழை அங்கே எப்படி? இங்கே நாலு நாளாக விடவில்லை. நம் ஷெட்டில் வடக்குப் பக்கத்து ஓடு ஒன்று நகர்ந்திருக்கும், சார்ஜர் மேல் சொட்டும். தார்ப்பாயை இரண்டாக மடித்து மேலே போடு. பல்பு மேல் ஈரம் பட்டால் வெடித்துவிடும். சேட்டு வரும்வரை நனையாமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

துரைராஜ்

*

பெருநகர்
2-12-1981

மாமாவுக்கு ஜெயமணி எழுதுவது.

தார்ப்பாயை நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே போட்டுவிட்டேன். உடைக்கப் போகிற சாமான் நனைந்தால் உங்களுக்கு என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது எழுதுவதை நிதானமாகப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மைக் செட் வேதகிரி வந்தார். ஆற்றங்கரைத் தெருக் கல்யாணத்துக்கு மைக் செட் ஒப்புக்கொண்டிருக்கிறார், இங்கே கரண்ட்டை நம்ப முடியாது, பேட்டரி வேண்டும், உத்திரமேரூருக்கு எடுத்துப் போக மழையில் பஸ் இல்லை. “நீயே மாட்டு ஜெயமணி, துரை செய்யறதை இத்தனை வருசமா பார்த்துக்கினுதானே கீறே” என்றார். பேட்டரியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பார்த்திருக்கிறேன் என்பது நிஜம்தான். ஆனாலும் எனக்கு உடனே மாட்டக் கை வரவில்லை. எது பிளஸ் என்று இந்த முறை எனக்கே தெரிய வேண்டும் என்று இருந்தது. கல்யாணமான புதிதில், பெயர் அழிந்துபோன வயரில் எது பிளஸ் என்று பார்க்க உருளைக்கிழங்கை நறுக்கிக் குத்திக் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் குத்தின இடம் பச்சையாகிவிடும் என்றீர்கள். நான் சிரித்தேன். அதையே செய்தேன். இரண்டு கிளிப்பிலும் செம்புக் கம்பித் துண்டைக் கடிக்கவிட்டு, கிழங்கில் குத்தி, காலில் ரப்பர் செருப்போடு பலகை மேல் நின்று சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பியைச் சுற்றிப் பாசி மாதிரி பச்சை பிடித்தது.

அது கருப்பு கிளிப்பில் இருந்த கம்பி.

கிழங்கு கெட்டதோ என்று இன்னொன்று நறுக்கினேன். அதிலும் கருப்புப் பக்கம்தான் பச்சை. மூன்றாவதிலும் அப்படியே. அம்முலு குழம்புக்குக் கிழங்கு இல்லை என்று கோபித்துக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்.

அப்படியானால் சிவப்பு கிளிப்தான் மைனஸ். உட்கார்ந்து யோசித்தேன். பூஜைக்கு முன்நாள் பழைய கிளிப் துருப்பிடித்துவிட்டது என்று புதிதாக இரண்டு வாங்கி வந்து மாற்றினீர்கள். பூஜை அன்று மிசினை ஓட்டக் கூடாது என்று ஓட்டவில்லை. மறுநாள் முதன்முதலில் அந்தக் கிளிப் போய் உட்கார்ந்தது வீராசாமி அவர்களின் பேட்டரியில். நான் குங்குமமே வைக்காமல் இருந்திருந்தாலும் அது கொதித்திருக்கும்.

கருப்பு கிளிப் வயரில் ஒரு முடிச்சு இருக்கிறது. அது எதற்கு மாமா?

கிளிப்பைக் கழற்றி மாற்றிப் போட்டு, வேதகிரியின் பேட்டரியை மாட்டினேன். கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஊரே இருண்டதாம், மைக் செட் மட்டும் கடைசி வரை பாடியதாம். வேதகிரி வந்து இன்னொரு பேட்டரியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கிளிப் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வரி போதும்.

ஜெயமணி

*

பெருநகர்
24-12-1981

மாமாவுக்கு,

இருபத்திரண்டு நாளாகிறது, ஒரு வரி வரவில்லை. தபால்கார அண்ணன் தெருவில் திரும்பினாலே அம்முலு ஓடுகிறாள். “நைனா இன்னும் எழுதினுக்கீதாம்மா?” என்று கேட்கிறாள். அவள் அவ்வளவு நீளமான கடிதத்தை எதிர்பார்க்கிறாள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று பேட்டரி வருகிறது. லாரிக்காரர்கள் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் வேதகிரியைத் தவிர யாரும் வருவதில்லை. வீராசாமி தினமும் பதினொரு மணிக்கு நம் ஷெட்டைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போகிறார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கேட்டது உங்கள் வாய் வார்த்தையை.

போகி வருகிறது. பழசையெல்லாம் கழிக்கிற நாள், துரைராஜ் மிசினும் அன்றைக்குப் போய்விடும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். எது பழசு, எதைக் கழிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் பதில் வர வேண்டும்.

ஜெயமணி

*

அம்பத்தூர்
3-1-1982

ஜெயமணிக்கு,

இதற்கு முன் நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று தானியேல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். எழுதுவது என்ன என்று அவனுக்குத் தெரியாது.

தெரியும்.

பிளஸ் வயருக்கு அடையாளமாக நான் போட்டு வைத்த முடிச்சுதான் அது. கிளிப் மாற்றும்போது இரண்டு பேர் வந்து பேச்சுக் கொடுத்தார்கள். பேசிக்கொண்டே திருகினேன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன் என்று அவர்களிடமே பெருமை வேறு அடித்தேன். விஜயதசமி அன்று பேட்டரி கொதித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு வயரைப் பிடித்தேன். கையில் முடிச்சு தட்டுப்பட்டது. எந்த வயரில் என்று பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது வீராசாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நடவுக்குச் சேடை ஓட்ட டிராக்டர் இல்லாமல் ஆட்கள் கழனியில் காத்திருக்கிறார்கள். “இன்னாய்யா ஆச்சு, நீதானே மாட்டின?” என்று கேட்டார். சுற்றிலும் எட்டுப் பேர். நான் குனிந்தேன், மைனஸ் மேல் உன் குங்குமம் இருந்தது. என் வாய் அதைச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் உன் கையைப் பற்றிச் சொன்னது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் நீ எனக்குத் தட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். என்னால் சாப்பிட முடியவில்லை. ஒரு வாரம் ஷெட்டைத் திறக்காமல் இருந்தேன். கிளிப்பை மாற்றிப் போட்டால் நீ பார்ப்பாய், ஏன் என்று கேட்பாய். போடாவிட்டால் இன்னொரு பேட்டரி போகும். அதனால்தான் ஊரை விட்டு வந்தேன். ராஜாராம் வாங்கினால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். சேட்டு உடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். சார்ஜரைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு. இங்கே நம்மை யாருக்கும் தெரியாது. புதிதாகத் தொடங்கலாம். அந்தச் சாமானை மறுபடியும் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே.

துரைராஜ்

*

பெருநகர்
7-1-1982

மாமாவுக்கு ஜெயமணி எழுதுவது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் மேல் இருந்த கோபம் இரண்டு பங்காகிவிட்டது. மூன்றாவது முறை கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

நான் அம்பத்தூர் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, இரண்டு நாள் யோசித்த பிறகு சொல்கிறேன். இங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஹைட்ரோமீட்டரில் மிதவை எந்தக் கோட்டில் நின்றால் பேட்டரி நிறைந்தது என்று பார்க்கத் தெரிகிறது. பல்பு ஊதா நிறமாக மினுக்கினால் கிளிப் தளர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. ஆசிட் பட்டு இரண்டு புடவையில் ஓட்டை விழுந்துவிட்டது, இப்போது உங்கள் பழைய காக்கிச் சட்டையை மேலே போட்டுக்கொள்கிறேன். சிட்டம்மாள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

சார்ஜரும் எங்கேயும் போகாது. நீங்கள் தப்பாக மாட்டிய கிளிப்புக்காக அது உடைபட வேண்டாம். போகிக்கு நான் கழிக்கப் போவது கிழிந்த பாயும் விளக்குமாறும்தான்.

யாரிடமும் சொல்லாதே என்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் யார் நம்புவார்கள், புருஷன் ஊரில் இல்லாதபோது பழியை அவன் தலையில் போடுகிறாள் என்பார்கள். இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீராசாமி காதில் விழ வேண்டும், அந்த எட்டுப் பேர் காதில் விழ வேண்டும். மறுபடியும் நடவு வருகிறது. கூப்பிட்டால் போவேன், கூப்பிடாவிட்டாலும் எனக்குப் பேட்டரி இருக்கிறது. ஆனால் என் கையைப் பற்றி நீங்கள் சொன்ன வார்த்தையை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இந்த வீட்டில் நாம் ஒன்றாகச் சாப்பிட உட்கார முடியாது.

எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. போகி வரைக்கும் பார்ப்பேன். அதற்குப் பிறகும் ஷெட் திறந்திருக்கும். வாசல் பலகையில் துரைராஜ் என்று இருக்கிற இடத்தில் சுண்ணாம்பு அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்வேன்.

அம்முலுவுக்கு ஒன்றும் தெரியாது. நைனாவுக்கு என்று பொங்கலுக்கு வாங்கிய கரும்பில் ஒரு கழியைத் தனியாகச் சாத்தி வைத்திருக்கிறாள்.

ஜெயமணி

*

(அஞ்சலட்டை)
அம்பத்தூர்
10-1-1982

ஜெயமணிக்கு,

தெரிந்துதான் கார்டில் எழுதுகிறேன்.

விஜயதசமி அன்று வீராசாமி அவர்களின் டிராக்டர் பேட்டரி கெட்டதற்குக் காரணம் நான். பூஜைக்கு முன்நாள் சிவப்பு கிளிப்பையும் கருப்பு கிளிப்பையும் மாற்றி மாட்டியவன் நான். ஜெயமணி வைத்த குங்குமத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் எட்டுப் பேர் எதிரில் அவள் கையைக் குறை சொன்னேன். அது பொய். கோளாறு எங்கே என்று உருளைக்கிழங்கை வைத்துக் கண்டுபிடித்துச் சரி செய்தது அவள்தான். இப்போது அந்தச் சார்ஜர் ஓடுவது அவள் கையால்தான்.

சார்ஜரை யாருக்கும் கொடுக்காதே. மூன்று நாள்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள். போகி அன்று காலை உத்திரமேரூர் பஸ்ஸில் வருகிறேன், நேராக வீராசாமி வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு நம் வீட்டுக்கு வருகிறேன். அவர் பேட்டரி கொடுத்தால் தோளில் தூக்கி வருகிறேன், நீயே மாட்டு. நான் தள்ளி நின்று பார்க்கிறேன். பலகையில் பெயரை மாற்றுவதானாலும் மாற்று.

துரைராஜ்

தபால்கார அண்ணனுக்கு: இந்தக் கார்டை வழக்கம்போல டீக்கடையில் சத்தமாகப் படித்துவிட்டு ஜெயமணியிடம் கொடுக்கவும். வீராசாமி பதினொரு மணிக்குத்தான் டீ குடிக்க வருவார். அவர் வந்து உட்காருகிற வரைக்கும் காத்திருக்கவும்.